கார்புரேட்டரை மாற்றுவதா, பிரித்துப் பார்ப்பதா?

பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டி இழுக்கவில்லையா, கார்புரேட்டர். புகை கக்குகிறதா, கார்புரேட்டர். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா, அதற்கும் கார்புரேட்டர். வீட்டில் எது உடைந்தாலும் கடைக்குட்டி மேல் பழி விழுகிற மாதிரிதான்.

இங்கே ஹாசனில் மளிகைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் ஒரு பழைய ஜீப் பிக்கப் இருக்கிறது. ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின், நாலு சிலிண்டர், 2199 சிசி. இந்த மாதிரி வண்டிகளில் பலபேர் எப்போதோ டீசல் எஞ்சின் ஏற்றிவிட்டார்கள். அண்ணாச்சி மாட்டேன் என்றுவிட்டார். கடை ஆரம்பித்த வருடம் வாங்கிய வண்டியாம். கொஞ்ச நாளாக ஒரே பெட்ரோல் வாடை, மேட்டில் திணறல்.

"சார்வாள், பயலுவ பழைய இரும்புக்குப் போடச் சொல்லுதானுவ. மெக்கானிக் பெரிய கார்புரேட்டரா மாட்டுனா குதிரை மாதிரி ஓடும்ங்கான். நீங்கதான் கணக்குப் பாத்துச் சொல்லணும்" என்றார்.

கணக்குதானே! நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழு மூச்சு இழுக்கும். நிமிடத்துக்கு 4000 சுற்று என்றால் 2.2 லிட்டர் பெருக்கல் 2000, அதாவது 4400 லிட்டர் காற்று. நடைமுறையில் 80 சதவீதம் உள்ளே போனாலே பெரிய விஷயம். ஆக சுமார் 3500 லிட்டர், அதாவது ஏறக்குறைய 125 கன அடி. இதைப்போல் இரண்டு மடங்கு காற்று விடும் கார்புரேட்டரை மாட்டினால் என்ன ஆகும்? வென்ச்சுரி என்கிற அந்தக் குறுகிய கழுத்தில் காற்று வேகமாகப் போனால்தான் ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். கழுத்து அகலமானால் வேகம் குறையும், மெதுவாகப் போகும்போது வண்டி இன்னும் திணறும். குதிரை எங்கே வரும்?

எங்கள் தொழிலில் ஒரு தவணை வரவில்லை என்பதற்காகக் கடனை ரைட்-ஆஃப் செய்வதில்லை. பணம் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். இதிலும் அப்படித்தான். திராட்டில் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தோம். அது தேய்ந்து ஆடினால் பக்கவாட்டில் காற்று புகும். புஷ் போட வேண்டும், இல்லையென்றால் பாடியையே மாற்ற வேண்டும். ஆடவில்லை. பாடியில் விரிசலும் இல்லை. மிதவை அறையின் ஊசி வால்வுதான் தேய்ந்திருந்தது. பெட்ரோல் நிரம்பி வழிந்தது அதனால்தான். ஆக்சிலரேட்டர் பம்ப் டயஃப்ரமும் விறைத்துப் போயிருந்தது. மெக்கானிக் ஜெட்டைக் கம்பியால் குத்தப் போனார், தடுத்துவிட்டேன். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு போச்சு. கிளீனர் அடித்துக் காற்றால் ஊதினால் போதும்.

இன்னொரு சங்கதி எத்தனால். நம் நாட்டுப் பெட்ரோலில் 2022 ஜூனில் 10 சதவீதம், 2025-ல் 20 சதவீதம் என்று ஆகிவிட்டது. பழைய ரப்பர் குழாய்க்கும் கேஸ்கெட்டுக்கும் அது ஆகாது. ஊறி, வெடித்து, கசியும். தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். அப்படியென்றால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போக வேண்டும். சென்சார் வைத்த வண்டி தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றிப் போட்டோம்.

ரிப்பேர் கிட், புதுக் குழாய், கிளிப் எல்லாம் சேர்த்தும் புதுக் கார்புரேட்டர் விலையில் கால்வாசி ஆகவில்லை. வண்டி மேடு ஏறுகிறது, வாடை இல்லை. மகன்கள் இரும்புக்கடைப் பேச்சை இப்போதைக்கு விட்டிருக்கிறார்கள்.

உங்கள் ஊர் வீட்டில் அப்பாவின் பழைய பெட்ரோல் வண்டி நின்றால், அடுத்த லீவில் போகும்போது முதலில் அந்த ரப்பர் குழாயைத் தொட்டுப் பாருங்கள். மேட்டில் திணறினால் வேறு வண்டி பிடித்துக்கொள்ளலாம். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டினால், ஓட்டுகிற பெரியவருக்கே ஆபத்து. முதலில் குழாய், அப்புறம் கிட், கடைசியாகத்தான் புதுசு. அந்தப் புதுசும் பழையதன் அளவிலேயே இருக்கட்டும்.