பென்டிரைவில் வந்த கல்யாணம்



கம்ப்யூட்டரில் இருக்கிற வீடியோவை டிவியில் போட்டால் நெட் காலியாகிவிடுமா என்று பலர் கேட்கிறீர்கள். ஆகாது. அது வீட்டுக்குள்ளேயே போய் வருகிற அலை. பொதிகை மலையில் மழை கட்டி நெட் நின்றுபோகிற நாளிலும் கரண்ட் இருந்தால் படம் ஓடும்.

வழி இரண்டு. விண்டோஸ் பட்டனோடு கே எழுத்தை அழுத்தினால் டிவியின் பெயர் வரும். மிராகாஸ்ட் என்பார்கள், 2012-இல் வந்தது. கம்ப்யூட்டர் திரையையே டிவியில் காட்டும். ஆனால் ஓடும்போதே படத்தைச் சுருக்கிச் சுருக்கி அனுப்புவதால் நாதஸ்வரம் திக்கும்.

எனக்குப் பிடித்தது மற்றது. டிவியும் கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். வீடியோ ஃபைல் மேல் வலது கிளிக் செய்து "காஸ்ட் டு டிவைஸ்" கொடுங்கள். ஃபைலே போய் டிவியில் ஓடும். (ரூபவாஹினி பிடிக்க மொட்டைமாடியில் ஆன்டெனா திருப்பிய தலைமுறைக்கு இது பெரிய காரியம்தான்!)

அக்காவுக்கு 83 வயது. செல்போனில் முகமே தெரியாது. வெளிநாட்டில் நடந்த பேத்தி கல்யாணத்தை இப்படித்தான் காட்டினேன். தாலி கட்டுகிற இடத்தை மூன்று தடவை போடச் சொன்னாள். நான்காவது தடவை, "கொஞ்சம் நிறுத்துடா, அவ முகத்தைப் பார்த்துக்கிடுதேன்" என்றாள்.

இனி அனுப்புகிறவர்கள் எம்பி4 ஆகவே அனுப்புங்கள். பெரும்பாலான டிவியில் தகராறு இல்லாமல் ஓடுகிறது.