மூலைத் துணி

போன மாதம் நான் செய்த ஒரு தப்பையும், அதனால் கற்றுக்கொண்ட ஒரு தையலையும் பற்றி எழுதுகிறேன். தையல் என்றதும் பையன்கள் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட வேண்டாம். இதில் கணக்கும் இருக்கு.

கோயம்புத்தூரில் துணிக்கடையில் வேலை செய்யும் என் சித்தி, 1½ மீட்டர் லினன் கட்பீஸ் கொண்டு வந்தாங்க. 58 இஞ்ச் பன்னா, சாம்பல் கலர். லினன் என்பது பருத்தி இல்லை. ஆளி விதை தருகிற செடியின் தண்டு நாரில் நூற்பது. எகிப்து மம்மிகளைச் சுற்றியிருப்பது லினன் துணிதான்.

"உனக்கு ஒரு டாப், தம்பிக்குத் திருவிழாவுக்கு ஒரு சட்டை, ரெண்டும் இதுல வந்துடும்"னு அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. தம்பி ரெண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

எனக்கு ஆசை வேறு. சித்தி போட்டிருந்த டாப் கிராஸில் வெட்டியது. உடம்பில் பிடிக்காமல் மெதுவாக விழுந்தது. என் டாப் எல்லாம் நேராக வெட்டியவை. கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்கும். வளருகிற வயசில் இது பெரிய தொல்லை, பெண் பிள்ளைகளுக்குத் தெரியும்.

கிராஸ் என்றால் என்ன? உங்கள் கர்சீப்பை எடுங்கள். நீளமாக இழுத்தால் நீளாது. அகலமாக இழுத்தாலும் நீளாது. எதிர் எதிர் மூலையைப் பிடித்து இழுங்கள், நீளும்! பாவு நூலும் ஊடை நூலும் சின்னச் சின்னச் சதுரமாக நிற்கின்றன. மூலையை இழுத்தால் சதுரம் சாய்சதுரம் ஆகிறது. அவ்வளவுதான் ரகசியம். அம்பர்லா பாவாடை அழகாக விழுவதும், கழுத்துக்கு வைக்கும் கிராஸ் பட்டி வளைந்து கொடுப்பதும் இதனால்தான். பாரிஸில் 1912-ல் கடை தொடங்கிய மதலீன் வியோனே என்ற அம்மா, 1920-களில் முழு கவுனையே கிராஸில் வெட்டிப் புகழ் பெற்றாராம். முதலில் ஒரு சின்ன மரப்பொம்மை மேல் துணியைப் போட்டுப் பார்ப்பாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா விறகுக்குப் போயிருந்தாங்க. நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

துணியை முன்னாடியே நனைச்சுக் காயவெச்சிருந்தோம். லினன் சுருங்கும், நனைக்காமல் வெட்டக் கூடாது. ஓரத்தில் ஒரு நூலை உருவி, அந்தக் கோட்டிலேயே நறுக்கினேன். 56 இஞ்ச் சதுரம் கிடைத்தது. மூலைக்கு மூலை மடித்தேன். மடிப்பு எவ்வளவு நீளம்? 56-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 79 இஞ்ச். கணக்கு வகுப்பில் போட்ட மூலைவிட்டம் வீட்டுத் தரையில் கிடந்தது!

பேப்பர் பேட்டர்ன் எதுவும் இல்லை. என் பழைய டாப்பை நடுவில் மடித்து, மடிப்பு மேல் மடிப்பு வைத்தேன். தையலுக்கு ஒரு இஞ்ச் விட்டு, சோப்புத் துண்டால் கோடு போட்டேன். முன்பக்கம் ஒன்று, அதே மடிப்பில் அதற்கு அடுத்து பின்பக்கம் ஒன்று. வெட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தேன். மிச்சம் இருந்தது ரெண்டு முக்கோணம்.

முக்கோணத்தில் யாராவது சட்டை தைப்பாங்களா? எனக்கு வயிறு கலங்கிவிட்டது. தம்பி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தான். ரெண்டையும் சுருட்டிப் பெட்டிக்கு அடியில் தள்ளினேன்.

ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அம்மா மிஷினில் உட்கார்ந்து, "தம்பி சட்டைத் துணியை எடு புள்ள"ன்னாங்க. நான் அழுதுட்டேன். "எல்லாத்தையும் வெட்டிட்டேம்மா."

அம்மா அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. முக்கோணத்தை விரித்துத் தரையில் போட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. கொழுந்துக் கறை படிந்த விரலால் அந்த மூலையைத் தடவினாங்க. "இது துணியோட மூலைதானே? இங்க நூல் நேராத்தானே போகுது?"

ஆமாம்! முக்கோணத்தின் உச்சி, பழைய சதுரத்தின் செங்கோணம். அந்த மூலையிலிருந்து அளந்தோம். ஒவ்வொரு முக்கோணத்திலும் 21 இஞ்ச் சதுரம் ஒன்று கிடைத்தது. ஒன்றில் தம்பி சட்டையின் பின்பக்கம், இன்னொன்றில் முன்பக்கம் ரெண்டு பாதி. அதுக்கு மேலே நாலு குட்டி முக்கோணம். எனக்கு ரெண்டு கை, அவனுக்கு ரெண்டு கை. காலர் மட்டும் ஒட்டுப் போட்டது.

பிறகு அம்மா என் டாப்பையும் தைக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. கிராஸில் வெட்டிய கழுத்து சும்மா தூக்கினாலே இழுபட்டுப் பெரிதாகிவிடும். அதனால் முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு தையல் ஓட்ட வேண்டும். மிஷினில் துணியை இழுக்கக் கூடாது, அதுவாகப் போகணும். கீழ் மடிப்பை உடனே அடிக்கக் கூடாது. ரெண்டு ராத்திரி ஆணியில் தொங்கவிட்டோம். காலையில் பார்த்தால் பக்கத்தில் ஒரு இஞ்ச் கீழே இறங்கியிருந்தது! அதைச் சமமாக வெட்டிய பிறகுதான் மடித்து அடித்தோம்.

பேட்டர்ன் இல்லாமல் தைக்கிறேன் என்று எனக்குப் பெருமை இருந்தது. நம் மாவட்டத்துத் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் பூ வேலை செய்கிறார்களே, அவர்கள் கோடு வரைவதே இல்லை. நூலை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேட்டர்ன் வேண்டாம் என்றால் கண்ணுக்கும் கைக்கும் இன்னும் கூட வேலை என்று இப்போதுதான் புரிகிறது. நான் என் அளவை மட்டும் எடுத்தேன், தம்பியின் அளவை மறந்தேன்.

திருவிழாவுக்கு ரெண்டு பேரும் ஒரே துணியில் போனோம். "அக்காவும் நானும் யூனிஃபார்ம்"னு தம்பி எல்லாரிடமும் சொன்னான். காலர் ஒட்டு அவனுக்கு இன்னும் தெரியாது. சுவரில் இதைப் படித்துக் காட்டிவிடாதீர்கள், ப்ளீஸ்!

நீங்களும் கிராஸில் வெட்டிப் பாருங்கள். மிஞ்சும் முக்கோணத்தைக் குப்பையில் போடாதீர்கள். கத்தரி வைக்கும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி