கடப்பா கல்லுக்கு ஆசிட் ஆகாது!

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் எந்த பாச்சிலர் வீட்டுக்குள் நுழைந்தாலும் பாத்ரூம் ஜன்னலில் ஓர் ஆசிட் பாட்டில் உட்கார்ந்திருக்கும். குக்கர் இல்லாத வீடு உண்டு. தலையணை உறை இல்லாத வீடு நிறையவே உண்டு. ஆசிட் இல்லாத வீடு மட்டும் கிடையாது. "பினாயில்... ஆசிட்... சோப்பாயில்..." என்று சைக்கிளில் கூவிக்கொண்டு வருபவரிடம் வாங்கியதாக இருக்கும். 2013-ல் சுப்ரீம் கோர்ட் சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கடிவாளம் போட்டது. ஆனால் கடையில் கலர் கலராக விற்கிற டாய்லெட் கிளீனர்களில் பாதிக்கு மேல் உள்ளே இருப்பதும் தண்ணீர் கலந்த ஆசிட்தான்.

பீங்கானுக்கு அது சரி. அதே பாட்டில் ஹாலுக்கு வரும்போதுதான் வம்பு. எப்போது வரும்? வீட்டைக் காலி பண்ணுகிற கடைசி ஞாயிற்றுக்கிழமை! பதினொரு மாசம் துடைப்பத்தைத் தொடாதவனுக்கு அன்றைக்குத்தான் தரை கண்ணில் படும். எல்லாம் அட்வான்ஸ் படுத்துகிற பாடு ஸார்!

எங்கள் தெருவில் மூன்று பையன்கள் குடியிருந்தார்கள். மூன்று பேருக்கும் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. தங்கமான பசங்க. காலி பண்ணுவதற்கு முதல் நாள் ஒருத்தன் பாட்டிலைக் கவிழ்க்க, இன்னொருத்தன் துடைப்பத்தோடு நிற்க, மூன்றாமவன் சோபாவில்லாத ஹாலில் ஜன்னல் மேல் ஏறி உட்கார்ந்து டைரக்‌ஷன் பண்ணினான்.

"ஊத்துடா மச்சி... நுரைக்குது பாரு, அழுக்கு எல்லாம் கிளம்புது!"

கிளம்பியது அழுக்கு இல்லை. தரை!

காய்ந்த பிறகு பார்த்தால், கன்னங்கரேலென்று முகம் பார்க்கிற மாதிரி இருந்த கடப்பா கல் பூராவும் சாம்பல் பூத்துப் போயிருந்தது. வீட்டுக்கார அம்மா சாவி வாங்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏம்ப்பா, கோலமாவைக் கொட்டிட்டீங்களா?" என்று குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். பையன்கள் இன்னும் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரம் இருக்கிற வரைக்கும் கறுப்பு, காய்ந்தால் பழையபடி சாம்பல். பாலிஷ் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் உட்காரக்கூட இல்லை. "துடைச்சாப் போறதுக்கு இது அழுக்கு இல்லம்மா. கல்லே போயிருக்கு" என்றார். அட்வான்ஸில் ஒரு மாச வாடகை கழிந்தது.

மேஸ்திரி சொன்னதுதான் கெமிஸ்ட்ரியும். கடப்பா கல் என்பது சுண்ணாம்புக்கல். மீன்கூடத் தோன்றாத காலத்தில் கடலுக்கு அடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு இறுகி இறுகிக் கல்லானது. கடப்பா பக்கம் நார்ஜி என்ற ஊரின் பெயரையே அந்தக் கல் அடுக்குக்கு வைத்திருக்கிறார்கள் புவியியல்காரர்கள். பிளந்தால் பலகை பலகையாக வரும். அதனால்தான் ரேணிகுண்டா, திருத்தணி வழியாக லாரியில் ஏறி வந்து, திருவள்ளூர் பக்கத்து வீடுகளில் சமையல் மேடையாகவும் அலமாரித் தட்டாகவும் தரையாகவும் குடியேறிவிட்டது. சுண்ணாம்பின் மேல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பட்டால் கார்பன்-டை-ஆக்ஸைடு கிளம்பும். கல் கரைந்து தண்ணீரோடு போகும். அந்தப் பையன் ரசித்த நுரை அதுதான். சோடா பாட்டிலைத் திறந்தால் வருகிற அதே வாயு. இங்கே சோடாவுக்குப் பதில் ஹவுஸ் ஓனரின் தரை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆசிட் என்றால் பாட்டிலில் லேபிள் ஒட்டியதுதான் என்று நினைக்க வேண்டாம். எலுமிச்சம்பழம் ஆசிட். புளி ஆசிட். ஊறுகாய், வினிகர், கோலா எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் ஆசிட். கடப்பா மேடையில் ராத்திரி சிந்திய லெமன் சாதம் காலையில் வெள்ளை வட்டமாகத் தெரிவது அதனால்தான். இதிலேயே ஒரு வசதியும் உண்டு. வாடகைக்குப் போகிற வீட்டில் என்ன கல் என்று தெரியவில்லையா? கதவு மூலையில், யாரும் பார்க்காத இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். ஐந்து நிமிஷம் கழித்துத் துடையுங்கள். பளபளப்பு செத்திருந்தால் சுண்ணாம்பு வம்சம்: கடப்பா, பேதஞ்செர்லா, மார்பிள், எதுவாகவும் இருக்கலாம். ஒன்றும் ஆகவில்லையென்றால் அநேகமாக கிரானைட். அதற்காக கிரானைட்டில் ஆசிட் ஊற்றலாமா என்று கேட்காதீர்கள். கல் தாங்கும், இடுக்கில் இருக்கிற சிமென்ட் தாங்காது.

மார்பிளிலேயே பெரிய மார்பிள், ஆக்ராவில் இருக்கிறது. தாஜ்மகால் மஞ்சளித்துப் போனபோது தொல்லியல் துறை 1994-ல் என்ன பூசியது தெரியுமா? முல்தானி மட்டி! பெண்கள் முகத்தில் பூசிக்கொள்கிற அதே களிமண். குழைத்து அப்பி, காயவிட்டு, கழுவி எடுத்தார்கள். களிமண் அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும், கல்லைத் தொடாது. பிறகும் சில தடவை இதே வைத்தியம் நடந்தது. தாஜ்மகாலுக்கே மண்தான் பூசுகிறார்கள், நம்ம ஹாலுக்கு ஆசிட்டா?

இன்னொரு விஷயம், இது தமாஷ் இல்லை. ஆசிட் மட்டும் போதாதென்று சில பேர் பிளீச்சிங் பவுடரையும் தூவுவார்கள். இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில், ஈப்ர் என்கிற ஊர் பக்கத்தில் ஜெர்மன்காரர்கள் எதிரிப் படை மேல் திறந்துவிட்டது அதே வாயுவைத்தான். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் குந்தி உட்கார்ந்து தேய்ப்பது பெரும்பாலும் நீங்களும் நானும் இல்லை. வீட்டு வேலைக்கு வருகிற அக்கா. "நெஞ்சு எரியுது தம்பி" என்று அவர் சொன்னால் அது சாக்கு இல்லை. பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டு முதலில் அவரை வெளியே காற்றுக்கு அனுப்புங்கள்.

சரி, எப்படித்தான் துடைப்பது? வெறும் தண்ணீர் போதும். அழுக்கு அதிகமென்றால் துளி சோப்பாயில், அப்புறம் நல்ல தண்ணீரில் ஒரு தடவை, அப்புறம் உலர்ந்த துணி. அந்தக் கடைசி உலர்ந்த துணியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் தண்ணீர் ஏறிப் பல வருஷமாகிறது. போர் தண்ணீரில் துடைத்து அப்படியே விட்டால், தண்ணீர் ஆவியாகும், உப்பு தரையிலேயே தங்கும். துடைக்கத் துடைக்கத் தரை வெளுக்கிறதே என்று அப்புறம் ஆச்சரியப்படுவார்கள்.

துடைப்பதற்கு முன்னால் கூட்ட வேண்டும். சுண்ணாம்புக்கல்லின் கடினம் மோஸ் அளவில் 3. மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. மணலோடு மாப்பு போட்டால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். எண்ணெய்க் கறைக்கு சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் கவரால் மூடி, ஒரு நாள் விட்டு எடுங்கள்; தாஜ்மகால் வைத்தியத்தின் ஏழை அண்ணன். கறுப்பாகத் தெரியட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கமும் இந்தப் பக்கம் உண்டு. இரண்டு நாள் ஜோர். மூன்றாம் நாள் தெருப் புழுதி பூராவும் அதில் ஒட்டிக்கொண்டு இருக்கும்.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு மட்டும் ஸ்பெஷலாக ஒன்று. ரோலிங் மில்லிலிருந்து வருகிற ஷூவின் அடியில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். ஈரத் தரையில் பட்டால் மறுநாளே துருப் பொட்டு. துருவை எடுக்க என்று கடையில் கொடுக்கிற மருந்துகளில் பெரும்பாலானவையும் ஆசிட் வகைதான்! ஷூவை வாசற்படியோடு கழற்றிவிடுவது சுலபம்.

அந்த வீட்டில் மேஸ்திரி மெஷின் வைத்து, முரட்டுக் கல்லில் ஆரம்பித்து நைஸ் கல் வரைக்கும் தேய்த்து ஹாலைக் கறுப்பாக்கிவிட்டார். கழித்த பணம் ஹாலோடு தீர்ந்துவிட்டதாம். சமையலறை இன்னும் சாம்பல்தான். புதுசாகக் குடிவந்தவர்கள் அதை டிசைன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.