பேய்முகத்தின் பின்னே ஒரு பிள்ளை



2011 டிசம்பர் 30 அதிகாலையில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து, நாட்கணக்கில் ஊர் இருளில் கிடந்தது. அந்த இருளில்தான் என் மகன் சொல்லுவதை நான் முதன்முறையாகக் காதுகொடுத்துக் கேட்டேன்.

அப்பொழுது அவன் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தபோது, அவன் பையில் ஒரு கணினி விளையாட்டுக் குறுந்தகட்டைக் கண்டேன். பெயர் டயாப்லோ; உறையில் செந்நிறப் பேயின் முகம். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குப் பிசாசு என்று பொருள். "போதகர் வீட்டுக்குள் பிசாசைக் கொண்டுவந்தாயே" என்று சொல்லி, அவன் கண்ணெதிரே தகட்டை உடைத்தேன். அது நண்பனிடம் இரவல் வாங்கியது என்று பின்னரே அறிந்தேன். அன்றுமுதல் அவன் என்னோடு பேசவில்லை.

புயலுக்கு மறுநாள், மெழுகுவர்த்தி ஒளியில் ஆண்டிறுதி ஆராதனையை முடித்து வீடு திரும்பினோம். உறக்கம் வரவில்லை. "அந்த விளையாட்டில் என்னதான் இருக்கிறது, தம்பி?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

1996 முடிந்து 1997 பிறக்கும் வேளையில் அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு அது. புதியவை எத்தனையோ வந்தும், விடுதிப் பிள்ளைகள் இதைத் தேடி ஆடினார்களாம். டிரிஸ்ட்ரம் என்றொரு சிற்றூர். அங்கே பாழடைந்த பேராலயம். அதற்கடியில் 16 தளங்கள். ஒவ்வொன்றாகப் போரிட்டு இறங்கி, கடைசியில் பேயரசனை வீழ்த்த வேண்டும்.

"வீழ்த்தி, அதன் நெற்றியில் பதிந்திருக்கும் கல்லைப் பிடுங்கியதும் பேயுருவம் மறைந்துவிடும், அப்பா. அங்கே கிடப்பது ஒரு சிறுவன், ராஜாவுடைய மகன். அவனுக்குள்தான் பேய் குடியேறியிருந்தது. வென்றவன் அந்தக் கல்லைத் தன் நெற்றியிலேயே குத்திக்கொள்வான், தீமையைத் தன் பலத்தால் அடக்கிவிடலாம் என்று. 2000-இல் வந்த அடுத்த பாகத்தில் அவனே பேயாகிவிடுவான்."

நெடுநேரம் நான் பேசவில்லை. இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தவன் நான். பிசாசைக் குறிக்கும் 'டயபொலொஸ்' என்னும் சொல்லுக்கு, பொய்யாய்க் குற்றஞ்சாட்டுகிறவன் என்று பொருள். எங்கள் வீட்டில் விசாரியாமல் குற்றஞ்சாட்டியவர் யார்? உறையிலிருந்த பேய்முகத்தைக் கண்டேன். என் பிள்ளையின் முகத்தைக் காணவில்லை. எபேசியர் 6:4-ஐத் தகப்பன்மாருக்குப் பலமுறை பிரசங்கித்த நான், அந்த இரவில் என் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த விளையாட்டில் இரத்தமும் கோரமும் உண்டு. சிறுபிள்ளைகளுக்கு அது ஏற்றதல்ல என்றே இன்றும் சொல்லுவேன். ஆனாலும் பிரியமானவர்களே, உங்கள் பிள்ளையின் கையிலுள்ளதைக் கண்டிக்குமுன், அதைக் குறித்து அவனிடமே கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை உடன் அமர்ந்திருங்கள்.

கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.