யானையும் இல்லை, கவுனியும் இல்லை... குப்பை உண்டு!

யானைக்கவுனியில் யானையைத் தேடாதீர்கள். கவுனியையும் தேடாதீர்கள். கவுனி என்றால் கோட்டை மதிலின் வாசல். வாசல் போய், மதிலும் போய், பெயர் மட்டும் போர்டுகளில் தொங்கிக் கொண்டிருக்கிறது. யானை எப்படி அந்தப் பெயரில் புகுந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நம்மூரில் யானைக்கு மட்டும் கதை பஞ்சமே கிடையாது!

மதிலின் கதை சுவாரஸ்யமானது. 1767-ல் மைசூர் குதிரைப்படை மதராஸ் எல்லை வரை வந்து கலக்கிவிட்டுப் போனது. ஆடிப்போன கிழக்கிந்தியக் கம்பெனி, இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பெரிய சுவர் எழுப்பியது. செலவை, சுவருக்கு உள்ளே குடியிருப்பவர்கள் தலையில் வரியாகப் போடுவதாகத் திட்டம். கடைசி வரை அந்த வரி வசூலாகவே இல்லை! சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி வடக்கே போகிற சாலைக்கு 'வால்டாக்ஸ் ரோடு' என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. இப்போது அது வ.உ.சி. சாலை. ஆனால் ஆட்டோக்காரரிடம் வால்டாக்ஸ் என்றால்தான் வண்டி நகரும்.

பாதுகாப்பு எனக்கு வேண்டும். பில்லை வேறு யாராவது கட்டட்டும். இருநூற்றைம்பது வருஷமாகியும் இந்தக் கொள்கையில் மாற்றமில்லை. சந்தேகமா? வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து யானைக்கவுனித் தெரு வழியாகத் தங்கசாலை வரைக்கும், தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு ஒரு நடை போய்ப் பாருங்கள்.

பேப்பர் கப், பான் பராக் வகையறா பாக்கெட்டுகள் (குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை), சிகரெட் துண்டு, கேரி பேக், சாம்பார் கசியும் பார்சல் கவர். சுவர் ஓரத்தில், மாவா மென்றவர்கள் வரைந்த சிவப்பு ஓவியங்கள். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? சௌகார்பேட்டை மொத்த வியாபாரச் சந்தை. நாளெல்லாம் பண்டல் பண்டலாகச் சரக்கு இறங்குகிறது, பெட்டி பிரிகிறது. அப்படியிருந்தும் அட்டைப்பெட்டி ஒன்று தரையில் அநாதையாகக் கிடக்காது. விழுந்த பத்தாவது நிமிஷம் யாராவது மடித்து, கட்டி, பழைய பேப்பர் கடைக்குக் கொண்டு போயிருப்பார்கள். இரும்புப் பட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாம் அப்படித்தான். காசு கிடைக்கிற குப்பையைப் பொறுக்க ஆள் உண்டு. காசு பெறாத குப்பைதான் நம் காலடியில் கிடக்கிறது. பி.காம். பாஷையில் சொன்னால், வரவு தனியாருக்கு, செலவு ஊருக்கு.

காலையில் கடை திறக்கிற காட்சி இன்னும் அழகு. ஷட்டரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றி, கடையை அங்குலம் அங்குலமாகப் பெருக்குகிறார்கள். பெருக்கியது எங்கே போகிறது? படிக்கட்டுக்குக் கீழே, ரோட்டுக்கு! இதில் தமிழ், தெலுங்கு, குஜராத்தி, மார்வாடி என்ற பேதமே கிடையாது. தேசிய ஒருமைப்பாடு வாழ்க.

வால்டாக்ஸ் ரோட்டில் பேட்டரி வண்டியுடன் நின்ற ஒரு துப்புரவுப் பணியாளரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"என்னக்கா, வேலை ஜாஸ்தியா?"

"இன்னா தம்பி, புச்சா கேக்குற? காலைல பெருக்கிட்டு பூட்டேன்னு வெச்சிக்க, பத்து மணிக்கு வந்து பாரு. நான் பெருக்கவே இல்லைன்னு நீயே சத்தியம் பண்ணுவே!"

"யாருக்கா போடறாங்க?"

"கேட்டுப் பாரேன், அல்லாரும் 'நான் இல்ல'ம்பாங்க. அப்போ குப்பை இன்னா மானத்துலேர்ந்தா கொட்டுது?"

விரலில் அழுக்கேறிய பிளாஸ்திரி. என்ன ஆச்சு என்றேன்.

"பாட்டில் ஓடு. கவர்ல போட்டு முடிஞ்சு குடுத்துட்டாங்க. உள்ள இன்னா கீதுன்னு கைக்குத் தெரியுமா? கண்ணாடி ஒடஞ்சா பேப்பர்ல சுத்தித் தனியா குடுங்கன்னா, ஒருத்தர் காதுலயும் ஏற மாட்டேங்குது. மூக்கப் பொத்திக்கினு என்னிய தாண்டிப் போறாங்களே, இந்த நாத்தம் என்னுதா? அவங்க ஊட்டு நாத்தம்தானே தம்பி!"

பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

இங்கிருந்து புறப்படுகிற குப்பை கடைசியில் போய்ச் சேரும் ஊர் கொடுங்கையூர். ஆறேழு கிலோமீட்டர்தான். சுமார் 340 ஏக்கர் கிடங்கு. வடசென்னைக் குப்பையைப் பல பத்தாண்டுகளாக வாங்கி வாங்கி மலையாகிவிட்ட இடம். இப்போது அந்த மலையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை நடக்கிறது. லாரியில் ஏறாமல் தப்பித்த குப்பைக்கு வேறு ரூட் உண்டு: மழைநீர்க் கால்வாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது புளியந்தோப்பு, பட்டாளம் பக்கமெல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. தாழ்வான பகுதி, பேய் மழை, எல்லாம் சரி. அடைத்துக் கொண்ட கால்வாயில் நம்ம பேப்பர் கப்புக்கும் ஒரு பங்கு உண்டு.

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. கேரி பேக், பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப் உட்பட 14 வகைப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் பை தருகிற மெஷின்கூட வைத்தார்கள். பொது இடத்தில் குப்பை கொட்டினால் 500 ரூபாயாக இருந்த அபராதம், 2024-ல் 5,000 ஆனது. ஆனாலும் டீக்கடையில் பேப்பர் கப்புக்குக் குறைவில்லை.

"சிங்கப்பூரைப் பாருங்க சார்!" என்று ஆபீஸில் ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார். பார்க்கலாம். 1968-ல் லீ குவான் யூ சுத்த இயக்கம் தொடங்கினார், அபராதமும் போட்டார். உண்மைதான். ஆனால் அங்கேயும் விடிவதற்குள் பெருக்கி முடிக்கப் பல்லாயிரம் துப்புரவாளர்கள் உண்டு. அதில் வயதானவர்கள் நிறைய. அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

டோக்கியோ கதை வேறு. 1995-ல் சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு, பாதுகாப்புக்காகக் குப்பைத் தொட்டிகளை நிறைய இடங்களில் எடுத்தே விட்டார்கள். ஜனங்கள் குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். "தொட்டி இல்லை, அதான் ரோட்டில் போட்டேன்" என்கிற நம்ம வாதம் அங்கே செல்லாது.

நம் ஊரிலும் முயற்சி இல்லாமலில்லை. 1989-ல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருக்காரர்களையே மாதாமாதம் கொஞ்சம் காசு போட வைத்து, மூன்று சக்கர வண்டியில் வீட்டு வாசலுக்கு ஆளை அனுப்பியது. அவருக்குக் குப்பைக்காரர் என்று பெயரில்லை, 'தெரு அழகுபடுத்துபவர்'. காசு கொடுத்ததால் தெருவே கணக்குக் கேட்டது. சுவர் வரியில் நடக்காதது குப்பையில் நடந்தது!

2000-த்தில் சில மண்டலங்களுக்கு ஓனிக்ஸ் வந்தது; பிறகு வேறு கம்பெனிகள். யூனிஃபாரத்தின் கலர் மாறியது. குனிகிற முதுகு மாறவில்லை. 2025-ல் யானைக்கவுனி அடங்கிய ராயபுரம் மண்டலத்தையும், திரு.வி.க. நகர் மண்டலத்தையும் தனியாரிடம் கொடுத்தபோது, பணியாளர்கள் ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 'மாநகராட்சியிலேயே வேலை வேண்டும்' என்றார்கள். ஐகோர்ட் உத்தரவுக்குப் பிறகு, 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அந்த நாட்களில்தான் தெருவில் பலருக்கு ஒரு விஷயம் உறைத்தது: குப்பை தானாகப் போவதில்லை, தினமும் யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள்!

ரோட்டில் எறிகிறவன் எல்லோரும் கெட்டவன் இல்லை. 'எடுக்க ஆள் இருக்கு' என்று நம்புகிறவன். அந்த ஆளுக்கும் விரல் இருக்கிறது, அதில் பிளாஸ்திரி இருக்கிறது என்பது மட்டும் அவன் ஞாபகத்தில் இல்லை.

ஆகவே இளைஞர்களே, பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். கண்ணாடி உடைந்தால் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். டீக்கடையில் "கிளாஸ்ல குடுங்கண்ணே" என்று கேளுங்கள். கப்தான் என்றால், தொட்டி வரும்வரை கையிலேயே இருக்கட்டும். ரெண்டு நிமிஷம் கை பிசுபிசுக்கும், அவ்வளவுதான். வால்டாக்ஸ்தான் வசூலாகவில்லை, இதையாவது கட்டிவிடலாமே சார்!