ஒரே தூரம், மூன்று புள்ளிகள்

எட்டாம் வகுப்பிலேயே வரைபடத்தாள் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் அதில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கப் பழகிய பிள்ளை, ‘சார்பு’ என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் சந்திக்கப் பத்தாம் வகுப்புவரை காத்திருக்க வேண்டும். அப்போது அது மதிப்பகம், துணை மதிப்பகம் என்று பரிவாரத்தோடு வந்து மிரட்டும். ஒன்றைச் சார்ந்து மற்றொன்று நிற்பது என்ற எளிய பொருள், இத்தனை நல்ல தமிழ்ச்சொல் வாய்த்தும், அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகிறது. யானைக்கவுனியில் நான் நடத்தும் மாலை வகுப்பில் அதனால் அந்தச் சொல்லை முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம்.

எடுத்துக்காட்டுக்கு ஆட்டோ மீட்டர் வசதியானது. 2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னைக்கு அறிவித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். வரைந்தால் கோடு 25-இன் உயரத்தில் படுத்தபடியே 1.8 வரை சென்று, அங்கே முழங்கை போல மடங்கி ஏறும். ஐந்து கிலோமீட்டருக்கு 63 ரூபாய் 40 காசு. சாய்வு என்றால் என்ன என்பதை அந்த மடிப்பே சொல்லிவிடும்.

வகுப்பு சிரித்தது. அந்தக் கட்டணத்தில் பயணம் செய்த ஒருவரும் அங்கில்லை. காசிமேட்டுக்கு யார் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். 120 என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி 150 என்றாள். மழையன்று 200 கொடுத்த வீடும் இருந்தது. மூன்று புள்ளிகளும் ஒரே குத்துக்கோட்டில் விழுந்தன. ஓர் எக்ஸுக்கு மூன்று ஒய் வந்தால் அது சார்பாகாது. (அறிவித்தும் கைக்கு வராத தொகை இப்பகுதிக்குப் புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் கறுப்பர் நகரைச் சுற்றி எழுந்த மதிலின் வாயில்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதிற்செலவுக்கென நினைத்த வரி வசூலாகவே இல்லை. வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.)

“அப்ப ஆட்டோக்காரங்க ஏமாத்துறாங்கன்னு கணக்கே சொல்லுது சார்” என்றான் முன்வரிசைப் பையன். கடைசி வரிசையில் ஒருவன் தலை நிமிரவில்லை. அவன் அப்பா வாடகை ஆட்டோ ஓட்டுகிறவர்.

கணக்கு அப்படிச் சொல்லவில்லை என்றேன். தூரத்தை மட்டும் அச்சில் வைத்தால் இது சார்பல்ல, அவ்வளவுதான். மழை, நேரம், திரும்பும்போது சவாரி கிடைக்குமா என்பது போன்ற எதையெதையோ இந்தத் தொகை சார்ந்திருக்கிறது. நம் தாளில் அவற்றுக்கு அச்சு இல்லை.

கடைசி வரிசைக்காரன் எழுந்து வந்தான். “எங்கப்பா கோட்டை நான் போடறேன் சார்.” எல்லாரும் ஆதிப்புள்ளியில் தொடங்குவார்கள், அவன் ஒய் அச்சில் கீழே இறங்கி, மைனஸ் 300-இல் புள்ளி வைத்தான். “வண்டிய எடுக்கும்போதே முந்நூறு ரூபா வாடகை.” கேஸுக்கு நாலு ரூபாய் போக, மீட்டர்படி கிலோமீட்டருக்கு எட்டு நிற்கும் என்று வைத்துக்கொண்டு கோட்டை ஏற்றினான். அது எக்ஸ் அச்சை 37.5-இல் தொட்டது. குறை எண்கள் எதற்கு என்று வருடந்தோறும் கேட்கும் வகுப்பு அன்று கேட்கவில்லை.

“அதுவரைக்கும் ஓட்டுறது ஓனருக்கு” என்றான்.

முன்வரிசைப் பையன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆளில்லாம காலியா சுத்துனா?” என்று கேட்டான்.

“எட்டு இல்ல, மைனஸ் நாலு” என்று சொல்லி, இவன் கோட்டை நடுவில் அழித்துக் கீழ்நோக்கி மடித்தான்.