பச்சை உடம்பும் பப்பாளிக் காயும்

வியட்நாமிய மொழியில் 'அ கு' என்று ஒரு சொல் உண்டு. கடைசி உகரத்தை உதடு குவிக்காமல், நம் குற்றியலுகரம் போல உச்சரிக்க வேண்டும். பிள்ளை பெற்றவள் ஒரு மாதமோ, முறைப்படி பார்க்கிற வீடுகளில் மூன்று மாதம் பத்து நாளோ வெளியே போகாமல் இருக்கும் காலத்துக்கு அந்தப் பெயர். 'அ' என்றால் இருத்தல். 'கு' என்றால் விலக்கு. ஆங்கிலத்தில் இதை எழுதுகிறவர்கள் கையாளும் சொல்லில் சிறைவாசத்தின் வாடை அடிக்கும். தமிழில் மொழிபெயர்ப்பவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. 'பத்தியம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். பிள்ளை பெற்றவளுக்குப் 'பச்சை உடம்பு' என்று பெயர் வைத்த மொழிக்கு வேறு விளக்கம் எதற்கு?

அதே காலத்துக்கு அவர்களிடம் இன்னொரு சொல்லும் உண்டு: 'நாம் ஓ'. கோழி அடைகாக்கும் கூட்டுக்கு 'ஓ' என்று பெயர். கூட்டில் படுத்திருத்தல் என்று பொருள். விலக்கு ஒரு பக்கம், கதகதப்பு ஒரு பக்கம். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் அந்த நாட்டுப் பிரசவ உணவின் கதை முழுவதும் இருக்கிறது.

2014-இல் ஹனோயின் பழைய நகர்ப் பகுதியில், ரயில் பெட்டி போல ஒடுங்கிய ஒரு வீட்டின் மாடி அறையில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். கீழே அந்த வீட்டு மருமகள், குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். சமையல் மாமியாருடையது. அவரை நான் 'சி' என்று கூப்பிட்டேன். அக்கா என்று அர்த்தம். அங்கே முறை வைக்காமல் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. ஆங்கிலம் தெரிந்த மகன்தான் எங்கள் இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர்.

அக்காவின் கணக்கு எளிமையானது. பிரசவத்தில் இரத்தத்தோடு உடம்பின் சூடும் போய்விடுகிறது. போன சூட்டைச் சோற்றின் வழியாகத் திருப்பித் தர வேண்டும். ஆகவே இஞ்சி, மஞ்சள், மிளகு. பன்றி இறைச்சியை மஞ்சளோடு வதக்குவார். இல்லையென்றால் மீன் சாறும் மிளகும் சேர்த்து வற்ற வற்ற வேகவைப்பார். அதற்குக் 'கோ' என்று பெயர். மாறாக வெள்ளரி, பூசணி, நண்டு, புளிப்புப் பழங்கள் எல்லாம் குளிர்ச்சி. ஐஸ் போட்ட எதுவும் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. இஞ்சியும் மஞ்சளும் ஊறிய அரிசிச் சாராயம் ஒரு சீசாவில் இருந்தது. குடிக்க அல்ல, வயிற்றிலும் காலிலும் தடவ.

அந்தச் சமையலின் மகுடம் பன்றிக் கால் சூப். பன்றியின் காலைப் பச்சைப் பப்பாளிக் காய்த் துண்டுகளோடு எலும்பு கழலும்வரை கொதிக்கவிடுவார்கள். பால் சுரக்க இதற்கு மிஞ்சியது இல்லை என்பது நம்பிக்கை. அதே பப்பாளிக் காயைக் கர்ப்பிணி தொடக்கூடாது என்பதில் வியட்நாமும் நாமும் ஒன்று. பிறந்த பிறகு அதுவே மருந்து என்பதிலும் ஒன்று. பால் ஊறப் பப்பாளிக் காய்க் கூட்டு வைக்கும் பாட்டிகள் நம் பக்கத்திலும் உண்டு. அங்கே தினமும் கொதிக்கிற 'ராவ் ஙோத்' கீரையும் அந்நியம் இல்லை. நம் நர்சரிகளில் 'மல்ட்டி வைட்டமின் கீரை' என்று விற்கிற தவசிக்கீரைதான் அது.

இந்தச் சாப்பாட்டில் மருத்துவர்கள் குறை சொல்ல முடியாதவை நிறைய: புரதம், கீரை, சூடான சூப்பில் போதிய தண்ணீர். பாலைப் பெருக்குவது காலோ காயோ அல்ல, குழந்தை அடிக்கடி குடிப்பதுதான் என்பார்கள். இருந்தாலும் சூப்பால் கெடுதல் இல்லை.

கெடுதல் விலக்கில் இருக்கிறது. பழம் கூடாது, தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு இறுகும்போது மலச்சிக்கலில் தொடங்கிச் சத்துக் குறைவில் முடிகிறது. பக்கத்து நாடான லாவோஸில் தாய்மார்களின் கடுமையான பத்தியத்தால் தாய்ப்பாலில் தயாமின் குறைந்து, சிசுக்களுக்கு உயிரைப் பறிக்கும் பெரிபெரி வந்ததை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. வியட்நாமில் கட்டிலுக்கு அடியில் கரி நெருப்பு வைத்துத் தாயையும் சேயையும் படுக்க வைக்கும் வழக்கம் இன்னொரு ஆபத்து. மூடிய அறையில் கரிப்புகை விஷமாகும் என்று அந்நாட்டு மருத்துவர்களே எச்சரித்து வருகிறார்கள்.

அந்த வீட்டில் நெருப்பு இல்லை. ஆனால் மருமகள் ஓர் ஆரஞ்சுப் பழம் கேட்டாள். புளிப்பு, பல் கூசும், குழந்தைக்கு வயிறு போகும் என்று அக்கா மறுத்துவிட்டார். மறுநாள் மாடிப்படி ஓரக் குப்பைக் கூடையில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது. மகனின் வேலை. அக்கா பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கூடையை எடுத்துப் போய்க் கொட்டினார்.

அன்று மாலைதான் தன் கதையைச் சொன்னார். 1986-இல் இந்த மகன் பிறந்தபோது கணவர் ராணுவத்தோடு கம்போடியாவில். அரிசியும் இறைச்சியும் கூப்பனுக்குத்தான். தாயார் தூரத்துக் கிராமத்தில், மாமியார் இறந்துபோயிருந்தார். "மூன்றாம் நாள் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ரேஷன் வரிசையில் நின்றேன். பன்றிக் காலை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை." மழை நாளில் இடுப்பு வலித்தால் இன்றைக்கும் அந்த வரிசையைத்தான் குறை சொல்வாராம். ஆரஞ்சு மறுக்கப்பட்டதைவிட அது பெரிய துயரம் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு விலக்கவும் யாரும் இல்லை, விளம்பவும் யாரும் இல்லை.

பத்தியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எது சூடு, எது குளிர்ச்சி என்ற பட்டியலிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு மாதம் அவள் அடுப்படிக்குப் போகக்கூடாது என்ற விதி அந்தப் பட்டியலில் கடைசியில் வரும். என் கணக்கில் அதுதான் முதல் விதி. ஓய்வு, தூக்கம், வேளைக்குச் சூடான சோறு, கூடவே அனுபவமுள்ள ஒரு துணை. மிளகும் மஞ்சளும் அதற்கு அடுத்தபடிதான்.

இன்று ஹனோயிலும் ஹோ சி மின் நகரிலும் 'கோம் கு' என்ற பெயரில் பத்தியச் சோற்றை டப்பாக்களில் அடைத்து வீடு தேடிக் கொண்டுவந்து தருகிறார்கள். காசு இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. 2013 மே முதல் அந்நாட்டில் பிரசவ விடுப்பு ஆறு மாதம். 2016 முதல் சமூகக் காப்பீட்டில் உள்ள அப்பாக்களுக்கும் விடுப்பு உண்டு: சுகப்பிரசவம் என்றால் ஐந்து வேலை நாள். பன்றிக் கால் சூப் வைக்கக் கற்றுக்கொள்ள ஐந்து நாள் போதும். மீதி இருபத்தைந்து நாள் அதை யார் வைப்பது என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. தொழிற்பேட்டையை ஒட்டிய வாடகை அறையில், தாய்வீட்டை விட்டு வெகுதூரத்தில் பிள்ளை பெறுகிறவளுக்கு அது ஒன்றே கேள்வி. மஞ்சள் கடையில் கிடைக்கும். அதை அரைத்துத் தர ஒரு கை வேண்டுமே!